வீடியோ சேனல் இருக்கும்போது பாட்காஸ்ட் எதற்கு? ஒரு பத்திர எழுத்தரின் கேள்வி

கேள்வி: கும்பகோணம் பக்கம் பத்திர எழுத்தராக இருக்கிறேன். நாலு வருடமாகப் பட்டா, வில்லங்கச் சான்று, வாரிசுரிமை, பாகப்பிரிவினை பற்றி யூடியூபில் வீடியோ போடுகிறேன். மகள்தான் படம் பிடித்து எடிட் செய்கிறாள். இதுவரை 212 வீடியோக்கள், 61,000 சப்ஸ்கிரைபர்கள். போன மாதம் லாரி ஓட்டும் ஒருவர் போனில் கூப்பிட்டு, "ராத்திரி வண்டியில கேக்கலாம்னு பாத்தா, ஸ்கிரீனை அணைச்சதும் நின்னுடுதுங்க" என்றார். பாட்காஸ்ட் தொடங்கலாம் என்கிறாள் மகள். இருக்கிற வீடியோக்களின் ஆடியோவை மட்டும் பிரித்து ஏற்றினால் போதாதா? என்ன வாங்க வேண்டும்? கையில் இருப்பது ஒரு காலர் மைக், போன், லேப்டாப். செலவுக்கு 15,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன்.

பதில்: ஐயா, தொடங்குங்கள். ஆடியோவைப் பிரித்து ஏற்றும் யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். உங்களிடம் பேசிய லாரி ஓட்டுநருக்கு அது உதவாது. உங்கள் வீடியோவில் பாதி விஷயம் திரையில் காட்டும் காகிதத்தில் இருக்கிறது. கண் சாலையில் இருக்கும் மனிதருக்கு "இதோ இந்த இடத்தைப் பாருங்க" என்பது காதில் விழும், விஷயம் விழாது. இரண்டு மூன்று முறை அப்படி விட்டுப்போனால் அவர் பாட்டுக்குப் போய்விடுவார்.

அவர் சொன்னது ஒருவரின் குறை அல்ல. யூடியூபில் பிரீமியம் சந்தா கட்டாதவர் திரையை அணைத்தால் வீடியோ நின்றுவிடும். வண்டி ஓட்டுபவர், தையல் மிஷினில் உட்கார்ந்திருப்பவர், சமைப்பவர், வயலில் மடை பார்ப்பவர் எல்லோருக்கும் காது காலியாக இருக்கிறது, கையும் கண்ணும் காலியாக இல்லை. பாட்காஸ்ட் ஆப்களில் திரை அணைந்தாலும் பேச்சு ஓடும். வீட்டு வைஃபையில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் வழியில் சிக்னல் போனாலும் ஓடும். டேட்டா கணக்கையும் பாருங்கள். நொடிக்கு 64 கிலோபிட் அளவில் அரை மணி நேரப் பேச்சு 14.4 எம்.பி.தான். அதே அரை மணி நேரம் நொடிக்கு 1 மெகாபிட் வீடியோவாக ஓடினால் 225 எம்.பி.

இன்னொரு காரணம் உரிமை. பாட்காஸ்டின் அடிப்படை ஆர்.எஸ்.எஸ். ஃபீட் என்ற ஒரு முகவரி. எபிசோடுகளின் பட்டியலும், ஒவ்வொன்றின் ஆடியோ ஃபைல் எங்கே இருக்கிறது என்பதும் அதில் எழுதியிருக்கும். ஆப்பிள் 2005-இல் ஐடியூன்ஸில் பாட்காஸ்டைச் சேர்த்த நாள் தொட்டு இன்றுவரை இந்த ஏற்பாடு பெரிதாக மாறவில்லை. ஆப்கள் உங்கள் ஃபீடைப் படித்துக் காட்டுகின்றன, அவ்வளவுதான். 2024-இல் கூகுள் தன் பாட்காஸ்ட் ஆப்பை மூடியபோது, சொந்த ஃபீட் வைத்திருந்தவர்களின் நிகழ்ச்சிகள் மற்ற ஆப்களில் அப்படியே ஓடிக்கொண்டிருந்தன. யூடியூப் சேனலுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். பாட்காஸ்ட் தானாக ஆளைச் சேர்க்காது. யூடியூப் உங்கள் வீடியோவை முன்பின் தெரியாதவர் முன் கொண்டுபோய் வைப்பதைப் போல எந்த ஆடியோ ஆப்பும் செய்வதில்லை. வெறும் கையோடு பாட்காஸ்ட் தொடங்குபவர்கள் மாதக்கணக்கில் யாரும் கேட்காமல் பேசிக்கொண்டிருப்பதற்கு அதுதான் காரணம். உங்களுக்கு அந்தக் கஷ்டம் பாதிதான், ஏனென்றால் 61,000 பேருக்குச் செய்தி சொல்ல ஒரு சேனல் ஏற்கெனவே இருக்கிறது. அதற்காக அத்தனை பேரும் வருவார்கள் என்று நினைக்காதீர்கள். சில நூறு பேர் வந்து, அவர்கள் ஒவ்வொரு எபிசோடையும் கடைசிவரை கேட்டால் அது நல்ல தொடக்கம். வருமானத்தை முதல் வருடக் கணக்கில் எழுதவே வேண்டாம்.

இனி 212 வீடியோக்கள். அவற்றை மூன்று குவியலாகப் பிரியுங்கள். ஆன்லைனில் விண்ணப்பம் நிரப்புவது, எந்தப் பட்டனை அழுத்துவது போன்றவை திரை இல்லாமல் நிற்காது, அவற்றை விட்டுவிடுங்கள். "தான செட்டில்மெண்டுக்கும் உயிலுக்கும் என்ன வித்தியாசம்", "விடுதலைப் பத்திரம் எப்போது எழுதுவது" போன்ற விளக்கங்கள் இரண்டாவது குவியல். இவை காதுக்கு ஏற்றவை, ஆனால் மறுபடி பேசிப் பதிவு செய்ய வேண்டும். மூன்றாவது, குடும்பங்களில் நடந்த சிக்கல்கள்: அண்ணன் பெயரில் பட்டா, தம்பி கையில் அனுபவம், அக்காவுக்குப் பங்கு கொடுக்காத பாகப்பிரிவினை. பாட்காஸ்டுக்கு இதைவிட நல்ல சரக்கு கிடையாது. தொடக்கத்தை இந்த மூன்றாவது குவியலிலிருந்து எடுங்கள்.

எந்த வீடியோ எந்தக் குவியலில் சேரும் என்று சந்தேகம் வந்தால் இப்படிச் சோதியுங்கள். போனைக் கவிழ்த்து வைத்து வீடியோவை ஓடவிட்டு, விஷயம் தெரியாத ஒருவரை வேறு வேலை செய்துகொண்டே கேட்கச் சொல்லுங்கள். "எதைச் சொல்றாரு?" என்று அவர் கேட்கும் ஒவ்வொரு இடத்தையும் குறியுங்கள். பத்து நிமிடத்தில் மூன்று குறிக்கு மேல் விழுந்தால் அது கண்ணுக்கான பேச்சு.

கண்ணுக்கான பேச்சைக் காதுக்கு மாற்றுவதுதான் இந்த வேலையிலேயே பெரிய வேலை. மைக்கைவிட, ஆடியோவை ஏற்றிவைக்கும் ஹோஸ்டிங்கைவிட இதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். ஒரு உதாரணம். வீடியோவில் நீங்கள் இப்படிச் சொல்லலாம்: "இங்க சிவப்புல வட்டம் போட்டிருக்கேன் பாருங்க, இந்தப் பேரும் அந்தப் பேரும் ஒண்ணா இருக்கணும்." பாட்காஸ்டில் அது இப்படி மாற வேண்டும்: "வில்லங்கச் சான்றுல ஒவ்வொரு பதிவுக்கும் ரெண்டு பேரு வரும். எழுதிக் கொடுத்தவர் ஒருத்தர், எழுதி வாங்கினவர் ஒருத்தர். முந்தின கிரயத்துல எழுதி வாங்கினவர் யாரோ, அவர்தான் அடுத்ததுல எழுதிக் கொடுத்தவரா இருக்கணும். நடுவுல புதுசா ஒரு பேரு முளைச்சா நின்னு கேளுங்க, அவர் வாரிசா வந்தாரா, பவர் வாங்கி வந்தாரா? ரெண்டும் இல்லைன்னா சங்கிலி அங்க அறுந்திருக்கு." வட்டம் போட்ட இடம் போய், ஒரு ஒழுங்கு வந்துவிட்டது. கேட்பவர் காகிதத்தைப் பார்க்காமலே எதைத் தேட வேண்டும் என்று தெரிந்துகொள்கிறார். வீடியோவைவிட இது தெளிவாக இருப்பதையும் கவனியுங்கள். காட்ட முடியாது என்ற கட்டாயம்தான் அந்தத் தெளிவைக் கொண்டுவருகிறது. காதுக்கு எழுதிப் பழகினால் வீடியோவும் மேம்படும்.

எண்களில் கஞ்சத்தனம் காட்டுங்கள். சர்வே எண், உட்பிரிவு எண், ஆவண எண், தேதி எல்லாவற்றையும் அடுக்கினால் காதில் எதுவும் தங்காது. பத்திரம் எழுதிக் கையெழுத்தான நாளிலிருந்து 4 மாதத்துக்குள் பதிவுக்குத் தாக்கல் செய்ய வேண்டும் என்பது கேட்பவர் மனதில் நிற்க வேண்டிய எண். அதை எபிசோடின் ஆரம்பத்தில் ஒருமுறை, முடியும்போது ஒருமுறை சொல்லுங்கள். அது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 23-வது பிரிவு என்பது எபிசோடின் கீழே வரும் விவரக்குறிப்பில் இருந்தால் போதும். "வண்டில இருக்கறவங்க எழுதிக்க வேண்டாம், கீழே போட்டிருக்கேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

முழு வசனத்தையும் எழுதி வைத்துப் படிக்காதீர்கள். தமிழில் இது தனித் தொல்லை. எழுத உட்கார்ந்தால் கை தானாக எழுத்துத் தமிழுக்குப் போய்விடும். "உரிமை மாற்றம் செய்யப்பட்ட பின்னர்" என்று காகிதத்தில் இருப்பதை மைக் முன் பேச்சாக மாற்றிக்கொண்டே படிக்கும்போது குரல் தடுமாறும், அறிவிப்பு வாசிப்பது போல ஆகிவிடும். ஒரு பக்கத்துக்குள் குறிப்பு மட்டும் எழுதுங்கள், அதையும் பேச்சுத் தமிழிலேயே எழுதுங்கள். முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் மட்டும் முழுதாக இருக்கட்டும். பாத்தியதை, வில்லங்கம், ஷரத்து போன்ற பத்திரச் சொற்களை முதல்முறை வரும்போது ஒரு வரியில் விளக்கிவிட்டு, பிறகு தயங்காமல் பயன்படுத்துங்கள். அந்தச் சொற்களை நாளைக்கு அவர்கள் தங்கள் பத்திரத்தில் படிக்கப் போகிறார்கள்.

உங்கள் மகளைக் கேமராவுக்குப் பின்னாலிருந்து மைக் முன் கொண்டுவாருங்கள். இதை அழுத்தியே சொல்கிறேன். ஒரே குரல் 25 நிமிடம் சட்டம் பேசினால், எவ்வளவு நல்ல குரலானாலும் கவனம் நழுவும். வீடியோவில் காட்சி மாறுவதால் அது தெரிவதில்லை. இரண்டாவது குரல் அந்த வேலையைச் செய்யும். அவர் உங்கள் பேச்சைப் பாராட்டிக்கொண்டிருக்க வேண்டாம். "அப்பா, அக்கா கையெழுத்து போடலைன்னா என்ன ஆகும்?" என்று கேட்பவரின் இடத்தில் நின்று குறுக்கே கேட்கட்டும். கேள்விகளை அவரே தயாரிக்கட்டும், உங்களிடம் முன்கூட்டிக் காட்ட வேண்டாம்.

தொடக்கத்தில் "வணக்கம் நண்பர்களே, சேனலுக்குப் புதுசா வந்திருந்தா சப்ஸ்கிரைப் பண்ணுங்க, பெல் பட்டனை அழுத்துங்க" வேண்டவே வேண்டாம். அழுத்த அங்கே பட்டன் இல்லை, ஸ்டீயரிங்கில்தான் கை இருக்கிறது. முதல் அரை நிமிடத்துக்குள் இன்றைய சிக்கல் என்ன என்பது வந்துவிட வேண்டும். "கமெண்டில் சொல்லுங்க" என்பதற்குப் பதிலாக, கேள்விகளுக்கென்றே தனி வாட்ஸ்அப் எண் ஒன்று வைத்து, குரல் பதிவாக அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பியவரிடம் ஒலிபரப்ப அனுமதி வாங்கிய பிறகே சேருங்கள். ஊர், பெயர், சர்வே எண் வரும் இடங்களை வெட்டிவிடுங்கள். வீடியோவில் பத்திரத்தை மங்கலாக்கிக் காட்டுவீர்கள் அல்லவா, அதே கவனம் வாய்ப்பேச்சிலும் வேண்டும். பேச்சு வேகத்தில் கட்சிக்காரர் பெயர் நழுவி விழுவது சுலபம்.

அடுத்து அறை. நல்ல மைக்கைக் கெட்ட அறையில் வைத்தால் கெட்ட அறைதான் நன்றாகக் கேட்கும். மொசைக் அல்லது டைல்ஸ் தரை, வெறும் சுவர், கான்கிரீட் கூரை என்றால் குரல் குளியலறையில் பேசுவது போல வரும். மெத்தை, துணிமணி நிறைந்த படுக்கையறையைத் தேர்ந்தெடுங்கள். இரும்பு பீரோவுக்கு முன்னால் உட்காராதீர்கள், அது ஒலியைத் திருப்பியடிக்கும். தரையில் ஜமக்காளம் விரியுங்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு மெத்தையை நிமிர்த்தி வையுங்கள். பலர் மைக்குக்குப் பின்னால் துணியைத் தொங்கவிடுகிறார்கள், அதனால் பலன் குறைவு. முன்பக்கமாக மட்டும் கேட்கும் கார்டியாய்டு மைக் உங்களைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது, ஆகவே அது கேட்பது உங்களையும் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருக்கும் சுவரையும்தான். மின்விசிறி, ஏசி, ஃபிரிட்ஜ் மூன்றையும் நிறுத்துங்கள். லேப்டாப்பை சார்ஜரிலிருந்து கழற்றி பேட்டரியில் ஓட்டினால் பல நேரம் 'ஹம்' என்ற இரைச்சலும் போய்விடும். பதிவுக்குக் காலை ஐந்து மணிக்கு முன் அல்லது இரவு பத்துக்குப் பின் உட்காருங்கள். கோயில் ஒலிபெருக்கியையும் பஸ் ஹாரனையும் எந்த மென்பொருளாலும் சுத்தமாக எடுக்க முடியாது.

மைக்கை இப்போது வாங்க வேண்டாம். முதல் மூன்று எபிசோடுகளைக் கையிலிருக்கும் காலர் மைக்கிலேயே பேசிப் பாருங்கள். மோவாயிலிருந்து ஒரு சாண் கீழே குத்துங்கள், துண்டோ சட்டை மடிப்போ உரசாமல் பாருங்கள். இந்த மூன்றையும் வெளியிட வேண்டியதில்லை. பேச்சு பிடிபட்ட பிறகு பணத்தை எடுங்கள்.

எடுக்கும்போது ஒரு தவறைத் தவிருங்கள். இரண்டு பேருக்கு இரண்டு யு.எஸ்.பி. மைக் வாங்கி ஒரே லேப்டாப்பில் செருகிப் பதிவு செய்யலாம் என்று தோன்றும். ஆடாசிட்டி போன்ற ஒலிப்பதிவு மென்பொருள் ஒரு நேரத்தில் ஒரு கருவியிலிருந்துதான் பதிவு செய்யும். வேறு வழியில் சேர்த்தாலும் இரண்டு மைக்கின் உள்கடிகாரங்களும் ஒரே வேகத்தில் ஓடாது, அரை மணி நேரத்தில் இரண்டு குரல்களும் விலகிவிடும். உங்களுக்கு வேண்டியது மேடை மைக்கின் மூன்று முள் கேபிளைச் செருகும் எக்ஸ்.எல்.ஆர். உள்ளீடுகள் இரண்டு உள்ள சிறிய ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்குகளை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி) ஒன்று, மேடைப் பேச்சுக்கு விற்கும் டைனமிக் மைக் இரண்டு, கேபிள்கள், மேசை ஸ்டாண்டுகள், பஞ்சு உறைகள். இன்டர்ஃபேஸுக்குத்தான் பெரும்பங்கு போகும். மைக்கில் சிக்கனம் பிடியுங்கள், பேச்சுக்குச் சாதாரண டைனமிக் மைக் தாராளம். ஊரில் மைக் செட் வைத்திருக்கும் சவுண்ட் சர்வீஸ்காரரிடம் பழைய மேடை மைக் நல்ல நிலையில் கிடைத்தால் வாங்கலாம். ஷூர் எஸ்.எம்.58 என்ற மைக் 1966 முதல் மேடைகளில் இருக்கிறது, இன்றும் பேச்சுக்கு அருமையானது. ஆனால் அதன் போலிகள் சந்தையில் நிறைய. சந்தேகத்துக்கிடமான மலிவு விலையில் வந்தால் கைவைக்க வேண்டாம். கண்டென்சர் மைக் பக்கமே போகாதீர்கள். அது நுணுக்கமாகக் கேட்கும், அந்த நுணுக்கத்தில் உங்கள் தெரு முழுக்க உள்ளே வரும்.

டைனமிக் மைக்குக்கு அருகில் பேச வேண்டும். உதட்டிலிருந்து நாலு விரல், அதிகம் போனால் ஆறு விரல். தூரம் இரட்டிப்பானால் நேராக வரும் குரல் 6 டெசிபல் குறையும், அறையின் எதிரொலியோ அப்படியே நிற்கும். தள்ளி உட்கார்ந்து கெயினை, அதாவது மைக் ஒலியைக் கூட்டும் அளவை, ஏற்றினால் இரைச்சல்தான் ஏறும். உங்கள் துறையில் இன்னொரு சிக்கல்: பட்டா, பத்திரம், பதிவு, பங்கு, பாகப்பிரிவினை என்று எல்லாம் பகரத்தில் தொடங்குகின்றன. ஒவ்வொன்றும் ஒரு காற்று வெடிப்பாக மைக்கில் மோதும். மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் வாயின் ஓரமாக, சுமார் 45 பாகை சாய்த்து வையுங்கள். காற்று பக்கத்தில் போகும், குரல் மைக்குக்குள் போகும். சர்வே, சிட்டா, சார்பதிவாளர் என்று சீறும் சகரத்துக்கும் இதே சாய்வு உதவும். இரண்டு மைக்குகளுக்கு இடையிலான தூரம், வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப்போல் மூன்று மடங்காவது இருக்கட்டும். குறைந்தால் ஒருவர் குரல் மற்றவர் மைக்கில் கலந்து குடத்துக்குள் பேசுவது போலக் கேட்கும். எதிரெதிரே உட்காருவது நல்லது.

பதிவு அமைப்பு: 48 கிலோஹெர்ட்ஸ், சுருக்காத வேவ் ஃபைல், இரண்டு மைக்கும் தனித்தனி டிராக்கில். சத்தமாகச் சிரித்தாலும் ஒலியளவு காட்டும் மீட்டர் -6 டெசிபலைத் தாண்டக் கூடாது, சாதாரணப் பேச்சின் மேடு -12 அருகில் இருக்கட்டும். பேசத் தொடங்குமுன் பத்து விநாடி இருவரும் சும்மா இருங்கள். அந்த அறையின் அமைதி பின்னால் இரைச்சல் நீக்கத்துக்கு மாதிரியாகும், வெட்டிய இடங்களை ஒட்டவும் பயன்படும். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு பதிவு செய்யுங்கள். கேபிள் லூஸாகி 'கரகர' என்று வந்ததை முடித்த பிறகு கண்டுபிடித்தால் அன்றைய உழைப்பு வீண்.

எடிட்டுக்கு இலவசமான ஆடாசிட்டி போதும். மகள் வீடியோவுக்கு டாவின்சி ரிசால்வ் பயன்படுத்துகிறார் என்றால் அதிலேயே ஃபேர்லைட் என்ற ஒலிப் பக்கத்தில் செய்துகொள்ளலாம். ஆடாசிட்டியில் செய்யும் வரிசை முக்கியம். முதலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை ஹைபாஸ் ஃபில்டரால் வெட்டுங்கள், மேசை அதிர்வும் பஸ் உறுமலும் அதில் போகும். பிறகு இரைச்சல் நீக்கம், 6 டெசிபல் அளவோடு நிறுத்துங்கள். பேராசைப்பட்டால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலாகும். அடுத்து, உரத்த குரலைத் தணித்து ஒரு மட்டத்துக்குக் கொண்டுவரும் கம்ப்ரெஸர், விகிதம் 3:1, உரத்த இடங்களில் 4 முதல் 6 டெசிபல் குறைந்தால் சரி. இதைத் தவிர்க்காதீர்கள். லாரி கேபினில் இன்ஜின் சத்தம் தாழ்ந்த குரலை விழுங்கிவிடும், அவர் ஒலியைக் கூட்டிவைத்தால் நீங்கள் சிரிக்கும்போது காது அடைக்கும். கடைசியாக ஒலியளவைச் சமப்படுத்துங்கள். ஆப்பிள் பரிந்துரைப்பது -16 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் ஒலியளவின் அலகு), 1 டெசிபல் முன்பின் இருக்கலாம், உச்சம் -1 டெசிபலைத் தாண்டக் கூடாது. ஆடாசிட்டியில் இந்தச் சமப்படுத்தலுக்கான (Loudness Normalization) பெட்டியில், மோனோவை, அதாவது ஒற்றைத் தட ஒலியை, இரட்டை மோனோவாகக் கருதும் டிக் ஒன்று இருக்கும், அதை எடுத்துவிட வேண்டாம். சமப்படுத்திய பிறகு மேடுகள் மீறினால், உச்சத்தைத் தடுத்து நிறுத்தும் லிமிட்டரை -1-இல் வையுங்கள்.

ஏற்றும் ஃபைல் எம்.பி.3, மோனோ, 44.1 கிலோஹெர்ட்ஸ், 64 கிலோபிட். கொஞ்சம் துலக்கம் வேண்டுமென்றால் 96. மோனோ என்பதை மறக்காதீர்கள். இரண்டு மைக்கும் ஸ்டீரியோவின் இடது, வலது பக்கங்களாகவே ஏறிவிட்டால், ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டுபவருக்கு அப்பா மட்டும் கேட்பார், மகள் கேட்க மாட்டார். 48-இல் பதிவானதை மென்பொருள் 44.1 என்று தவறாக எடுத்துக்கொண்டால் குரல் இழுத்துக் கனமாகும், தலைகீழாக நடந்தால் கீச்சென்று வேகமாகும். ஏற்றுமுன் போனில் ஒருமுறை கேட்டுப் பார்த்தால் இரண்டும் அகப்பட்டுவிடும்.

இசை. யூடியூபில் சிக்கல் வராத இசை பாட்காஸ்டிலும் சிக்கல் தராது என்று நினைக்காதீர்கள். வீடியோக்காரர்கள் அதிகம் வழுக்குவது இங்கேதான். யூடியூப் சேனலுக்காக வாங்கிய உரிமம் பல நேரம் அந்தச் சேனலுக்கு மட்டுமே பொருந்தும். பாட்காஸ்டுக்குப் பொருந்துமா என்று உரிமத்தைப் படித்துப் பாருங்கள். சினிமாப் பாட்டு ஐந்து விநாடி போட்டால் தப்பில்லை என்று சொல்வார்கள், அப்படி ஒரு விதியே கிடையாது. ஊரில் நாகஸ்வரமோ வீணையோ வாசிக்கும் ஒருவரிடம் பத்து விநாடி புதிதாக வாசிக்கச் சொல்லி, எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். உங்களுக்கு எழுதத் தெரியாத பத்திரமா!

ஹோஸ்டிங் என்பது ஆடியோ ஃபைலை வைத்து, ஃபீடை உருவாக்கித் தரும் இடம். ஸ்பாட்டிஃபை ஃபார் கிரியேட்டர்ஸ் இலவசம், தொடங்க அது போதும். கணக்கு தொடங்கியதும் அமைப்புகளில் ஆர்.எஸ்.எஸ். ஃபீட் இயங்குகிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் நிகழ்ச்சி ஸ்பாட்டிஃபைக்குள் மட்டுமே கிடக்கும். ஃபீட் முகவரியை, ஆப்பிளில் நிகழ்ச்சியைச் சேர்க்கும் தளமான ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் கனெக்டில் கொடுங்கள். அங்கே ஏற்க ஒரு எபிசோடாவது ஏறியிருக்க வேண்டும், சரிபார்ப்புக்குச் சில நாள் ஆகலாம். ஃபீடில் போடும் மின்னஞ்சல் வெளியே தெரியக்கூடும், அலுவலக மின்னஞ்சலைக் கொடுக்காதீர்கள். மொழி என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுக்க மறக்க வேண்டாம். நாளை வேறு ஹோஸ்டுக்கு மாறினால் பழைய ஃபீடிலிருந்து புதியதற்கு நிரந்தரத் திசைமாற்றம், அதாவது 301, கொடுக்கச் சொல்லுங்கள். பழைய கணக்கை உடனே அழித்தால் கேட்பவர்கள் எல்லோரும் அறுந்துபோவார்கள்.

அட்டைப்படம் சதுரம், 3000-க்கு 3000 பிக்சல். உங்கள் யூடியூப் தம்ப்நெயில் பாணியை இங்கே கொண்டுவராதீர்கள். போனில் அது கட்டைவிரல் நகம் அளவுதான் தெரியும், தமிழ் எழுத்தின் சுழிகள் அந்த அளவில் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். இரண்டு, மூன்று சொல்லுக்கு மேல் வேண்டாம். நிகழ்ச்சியின் பெயரில் பட்டா, சிட்டா, பத்திரம், நிலம் என்று தேடுசொற்களை அடுக்கினால் ஆப்பிள் நிராகரிக்கலாம். அவற்றை விவரக்குறிப்பில் இயல்பான வாக்கியங்களாக எழுதுங்கள்.

அதே ஃபீடை யூடியூபுக்கும் கொடுத்துவிடலாமா என்று மகள் கேட்பார். கொடுக்க முடியும். யூடியூப் ஒவ்வொரு எபிசோடையும் அசையாத அட்டைப்படத்தோடு வீடியோவாக மாற்றிவிடும். என் முடிவு, உங்கள் சேனலுக்கு இப்போது வேண்டாம். காகிதத்தைக் கண்ணால் பார்த்துப் பழகியவர்கள் நிலையான படத்தைச் சில விநாடிகளில் தள்ளிவிடுவார்கள். நீங்கள் இருவரும் பேசுவதை ஒரு கேமராவில் எடுத்தால் அதைத் தனி பிளேலிஸ்டாக்கி, யூடியூப் ஸ்டுடியோவில் பாட்காஸ்ட் என்று குறித்துக்கொள்ளலாம். அதுவரை ஒவ்வொரு வீடியோவின் முடிவிலும் "இந்தக் கேஸோட முழுக் கதையை வண்டில போகும்போது கேக்கலாம்" என்று ஒரு வரி சொல்லி, இணைப்பைக் கீழே வையுங்கள்.

எட்டு எபிசோடுகளைத் தயார் செய்த பிறகே முதலாவதை வெளியிடுங்கள். முதல் நாளில் மூன்று, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்று. பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேலை நெருக்கும் முகூர்த்த மாதங்களைக் கையிருப்பு தாங்கும். ஒவ்வொன்றும் 20 முதல் 25 நிமிடம். அதற்குக் குறிப்பெழுத இரண்டு மணி, பதிவுக்கு ஒரு மணி, எடிட்டுக்கு இரண்டு மணி என்று கணக்கு வையுங்கள்.

எண்ணிக்கையைப் பார்க்கும்போது யூடியூப் பார்வைகளோடு ஒப்பிட வேண்டாம். விளம்பரத் துறையின் அளவுகோல்படி ஒரு நிமிட ஆடியோவாவது இறங்கினால்தான் ஒரு டவுன்லோடு. அதே ஆள் 24 மணி நேரத்துக்குள் மறுபடி இறக்கினால் சேராது. அதைவிட ஸ்பாட்டிஃபையும் ஆப்பிளும் காட்டும் கேட்ட நேர வரைபடத்தைப் பாருங்கள். எல்லா எபிசோடிலும் ஒரே நிமிடத்தில் கோடு விழுந்தால் அந்த இடத்தைப் போட்டுக் கேளுங்கள். பெரும்பாலும் அங்கே நீங்கள் சட்டப் பிரிவுகளை அடுக்கிக்கொண்டிருப்பீர்கள்.

கடைசியாக, சட்டமும் கட்டணமும் மாறும் துறை இது. வீடியோவில் கமெண்டைப் பின் செய்து திருத்திவிடலாம், இங்கே அது நடக்காது. ஒவ்வொரு எபிசோடிலும் முதல் நிமிடத்தில் எந்த மாதம், எந்த வருடம் பதிவானது என்று சொல்லுங்கள். முத்திரைக் கட்டணம், பதிவுக் கட்டணம் போன்ற தொகைகளை வாயால் சொல்லாமல் விவரக்குறிப்பில் வையுங்கள், அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பேச்சிலேயே தவறு போய்விட்டால், எபிசோடை அழித்துப் புதிதாக ஏற்றாதீர்கள், அது கேட்பவர்களுக்கு இன்னொரு எபிசோடாகப் போய்ச் சேரும். அதே எபிசோடுக்குள் ஆடியோ ஃபைலை மட்டும் மாற்றுங்கள். ஏற்கெனவே இறக்கி வைத்திருப்பவரின் போனில் பழையதுதான் இருக்கும், ஆகவே அடுத்த எபிசோடின் முதல் வரியாகவே திருத்தத்தைச் சொல்லிவிடுங்கள்.